காற்று கொண்டுபோனது தண்ணீரை மட்டும்

தொட்டி மீன்கள் ஐந்தும் செத்துவிட்டன. சீசனுக்கு வாடகைக்கு வந்த மிட்டாதார் நம் குற்றாலத்து வீட்டைப் பாதிச் சீசனிலேயே காலி செய்துகொண்டு போய்விட்டார். நீ என் கடையில் நாலு பேர் முன்னால் என்னைக் கொலைகாரன் என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியைக் குற்றாலத்திலேயே விட்டுவிட்டு, ரயிலேறிப் புனலூரில் ஒரு மரக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்திருக்கிறாய். நடந்தது இவ்வளவுதான். இதை நீ அங்கே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். உறையை நான் ஒட்டவில்லை. உன் முதலாளி என்னிடம் வருஷக்கணக்காக உப்பும் கருவாடும் வாங்கியவர். அவர் முதலில் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கட்டும், கடையில் மற்றவர்கள் ஆசைப்பட்டால் அவர்களும் படிக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். நீ நாலு பேர் முன்னால் பேசினாய். நானும் நாலு பேர் முன்னால் பேசுகிறேன். நீ போன அன்றைக்கு உன் அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள். அதையும் தெரிந்துகொள்.

உனக்கும் எனக்கும் இருந்த பேச்சு என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பங்குனியில் ஒரு நாள் நீ கடைக்கு வந்து, மூட்டை மேல் உட்காராமல் நின்றுகொண்டே, "எப்பா, நானும் கோமதியும் தனியா இருக்கலாம்னு பாக்குதோம். குத்தாலத்து வீட்டை எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டா, பின்கட்டுல நாங்க இருந்துக்கிட்டு முன்கட்டை சீசனுக்கு விட்டுப் பொழைச்சுக்கிடுவோம்" என்றாய். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. கருவாட்டு வாசனை உனக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். நான் கோபப்படவில்லை. "எழுதித் தருதேன். ஒரு சீசன் நீயே நடத்திக் காட்டு. வீடு இருக்கு, மீன் தொட்டி இருக்கு, மிட்டாதார் இருக்காரு. போம்போது அவரு அடுத்த வருஷமும் எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனா, மறுநாளே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவோம்" என்றேன். நீ சிரித்தாய். இதில் என்ன இருக்கிறது என்கிற சிரிப்பு. இருந்தது என்ன என்று இப்போது நீயே பார்த்துவிட்டாய்.

அந்தத் தொட்டி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். எல்லாரும் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டார்கள். மூலையில் தேக்குச் சட்டத்தின் மேல், இரும்பு விளிம்பும் கனத்த கண்ணாடியுமாக, ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போல அந்தத் தொட்டி கிடந்தது. யாரும் கேட்கவில்லை. வண்டிக் கூலியைவிடக் குறைந்த விலைக்கு எனக்கு விழுந்தது. ஊருக்கு வந்ததும் உன் பெரியப்பா, "இதுல என்னவே வைக்கப் போறீரு, ஊறுகாயா?" என்று கேட்டார். நான் வைக்கப்போனது கடலை. குற்றாலத்தில் சீசனுக்கு விடுகிற வீடுகளை எண்ணிப் பார். எல்லா வீட்டிலும் வராந்தா உண்டு, எண்ணெய் தேய்க்க ஆள் உண்டு, அருவிச் சத்தம் கேட்கும். என் வீட்டுக்கு ஒருவன் கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்? மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனைப் பார்க்கலாம் என்றால் கொடுப்பான். கொடுத்தார்கள்.

மீனை வைத்துக் காப்பாற்றுவதைச் சும்மா கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. முதல் வருஷம் எனக்கும் செத்தன. செம்புக் குடத்தில் இரவெல்லாம் நின்ற தண்ணீரைக் காலையில் தொட்டியில் விட்டேன். மத்தியானத்துக்குள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மண்குடத்துத் தண்ணீரை விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் செம்போ பித்தளையோ போனதில்லை. பாறைக் குழிகளில் வெயிலிலும் மழையிலும் கிடந்து பழகிய சின்ன மீன்களாகப் பார்த்து எடுத்தேன். ஆழத்து மீன் அழகாக இருக்கும், மூன்றாம் நாள் நாறும். தொட்டிக்கு மேலே அடியில் ஊசித் துளையிட்ட ஒரு பானை. தொட்டித் தண்ணீரையே மொண்டு அதில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். அந்தச் சொட்டுதான் மீனுக்கு மூச்சு. கண்ணாடியில் வெளிப்பக்கம் தாரால் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், இறங்கிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர். கடல் தண்ணீர் அல்ல, கிணற்றுத் தண்ணீர். அதிலும் ஒரே மூச்சில் அல்ல, காலையில் ஒரு படியளவு, மண் கலயத்தில் மொண்டு, ஓரமாக. அழுக்கை மொண்டு வெளியே கொட்டினால் மட்டும், கொட்டிய அளவுக்குக் கடல் தண்ணீர். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. இருபது வயதில் தூத்துக்குடி உப்பளத்து வரப்பில் நின்றவன் நான். பாத்தியில் கடல் தண்ணீரைக் கட்டிவிட்டுப் போவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும், உப்பு கிடக்கும். அந்த உப்பை விற்றுத்தான் உன்னை பி.ஏ. படிக்க வைத்தேன்.

படித்து முடித்துவிட்டு நீ செய்த முதல் காரியம், உன் கூட்டாளிகளோடு சேர்ந்து சுத்தப் பால் சங்கம் தொடங்கியது. மதராஸிலிருந்து ஒரு பால்மானி வரவழைத்தாய். பாலில் விட்டால் மிதக்கிற கண்ணாடிக் குழாய்; தண்ணீர் கலந்த பாலென்றால் அமிழும், நல்ல பாலென்றால் மேலே தூக்கி நிற்கும். அதை ஒரு பட்டுத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் மாட்டுக்காரர்களை மறித்தாய். மேலகரத்திலிருந்து வருகிற கிழவரின் பாலைச் சாக்கடையில் கொட்டினாய். அவர் நம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஒங்க மகன் அதைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் தூங்குதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்தேன். ஆனால் அதே மாதத்தில் நீ என் சரக்குக் கிட்டங்கிக்கு வந்து, ஆட்கள் உப்பு மூட்டையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே, "இதுவும் கலப்படம்தாம்ப்பா. பால்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டாய். ஆமாம், தெளித்தேன். எடைக்காகத்தான் தெளித்தேன். தெளிக்காமல் விற்றவனை நான் இந்த வியாபாரத்தில் பார்த்ததில்லை. அதை உன்னிடம் மறைக்கவும் இல்லை. அன்றைக்கு ஆட்கள் முன்னால் தலையைக் குனிந்தவன் நான் என்று நீ நினைத்திருப்பாய். நான் குனியவில்லை, உன்னைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆனி பிறந்தும் ஐந்தருவியில் கயிறு மாதிரித்தான் தண்ணீர் விழுந்தது. ஆனால் காற்று ஏமாற்றவில்லை. தென்காசிக் கோபுர வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊரில் வளர்ந்தவன் நீ. சாரல் இல்லாத காற்று என்னவெல்லாம் உலர்த்தும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற வருஷங்களில் குற்றாலத்தில் துவைத்த துணியே காயாது, தொட்டியில் தண்ணீர் எப்படிக் குறையும்? அதனால் நான் எப்போதாவது கிணற்றுத் தண்ணீர் விட்டதைத்தான் நீ பார்த்திருக்கிறாய், குறைந்த அளவுக்குத்தான் விடுகிறேன் என்பதைப் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாய், மிட்டாதாருக்குக் காற்று வேண்டும் என்று. மீனுக்கு மூச்சுக் கூடுதலாக வேண்டும் என்று இரண்டாவது பானை ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டாய். காற்றில் சொட்டுகிற தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும் என்பது உனக்குத் தோன்றவில்லை. தார்க் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே தினமும் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப, கிணறு பின்கட்டில் இருக்க, நீ தூத்துக்குடிக்கு எழுதி, தகர டின்னில் கடல் தண்ணீர் வரவழைத்தாய். தென்காசி ஸ்டேஷனில் கடல் தண்ணீருக்குச் சரக்குக் கூலி கட்டியவன் நீ ஒருவன்தான். அதை நாலு மடிப்பு வேட்டியில் வடிகட்டி வேறு ஊற்றினாய். சுத்தமாம்.

மிட்டாதாரைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். அவருக்கு இரண்டு காலிலும் வாதம். அருவிக்கு நடக்க முடியாது. பல்லக்கில் போக வெட்கம். ஆகவே சீசன் முழுக்க அந்தத் தொட்டிக்கு முன்னால் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கோர்ட்டில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் தீராத வழக்கு. ஐந்து மீனுக்கும் பெயர் வைத்தார். வரி போட்டது எதிர்க்கட்சி வக்கீல். கன்னங்கரேலென்று பாறைக்குள்ளேயே ஒளிந்திருப்பது அவருடைய அண்ணன். அண்ணன் பின்னாலேயே திரிகிறது கடைசித் தம்பி. வாயைத் திறந்து திறந்து மூடுவது சாட்சி. மஞ்சள் வாலோடு எல்லாரையும் விரட்டுகிறது அவரேதான். மஞ்சள் வால் வக்கீலை விரட்டும்போது தொடையைத் தட்டிக்கொள்வார். "பாத்தீராவே, ஐகோர்ட்டுத் தீர்ப்பை!" என்பார். அவர் என் வீட்டுக்குக் கொடுத்த வாடகை காற்றுக்காகவும் இல்லை, அருவிக்காகவும் இல்லை. அண்ணனைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்துப் பார்க்கிற சுகத்துக்காக.

ஆனிக் கடைசியில் நான் வாடகை வாங்க வந்தேன். வாசலில் நுழைந்ததுமே தொட்டியின் இரும்பு விளிம்பைப் பார்த்தேன். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பானையின் அடியிலும் பூத்திருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். எனக்கு வேறு மானி தேவையில்லை. மீன்கள் அடியில் நின்று வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தன. என்ன ஊற்றுகிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நீ பட்டுத்துணியைப் பிரித்துப் பால்மானியைத் தொட்டியில் மிதக்கவிட்டு, மிட்டாதாரைக் கூப்பிட்டாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வந்தப்ப இருபத்தஞ்சுலதான் நின்னுது, மிட்டாதார்வாள். பாலா இருந்தா கொட்டியிருப்பேன். இப்ப பாருங்க, முப்பத்தஞ்சு. எருமைப் பாலு மாதிரி நிக்குது. எங்கப்பா வருஷா வருஷம் கெணத்துத் தண்ணியைக் கலந்துட்டாரு. அவருக்கு எதுல பாத்தாலும் தண்ணி தெளிச்சே பழக்கம். நான்தான் சுத்தமாக்கியிருக்கேன்." மிட்டாதார் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னவே அண்ணாச்சி, மீனுக்குமா தண்ணி கலந்தீரு?" என்று கேட்டார். நீயும் சிரித்தாய்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பாலில் தண்ணீர்தான் திருட்டு. ஆகவே மானி மேலே நின்றால் நல்லது. தொட்டியில் உப்புதான் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே மானி மேலே நின்றால் சாவு. குறைந்தது எது என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். காற்று கொண்டுபோனது தண்ணீரை மட்டும். அதன் உப்பை உன்னிடமே விட்டுவிட்டுப் போனது. நீ ஒவ்வொரு நாளும் அதன் மேல் இன்னொரு பங்கு உப்பை ஊற்றினாய். கண்ணாடிக்குள் ஓர் உப்பளம் கட்டி அதில் மீனையும் விட்டிருந்தாய். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். சொல்லவில்லை. வாடகையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "நல்லா வச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பின்கட்டில் கோமதி என்னை நிறுத்தினாள். உன் பெண்டாட்டி சுரண்டைக் கடைக்காரன் மகள்; கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். "மாமா, நீங்க விரலை நக்கிப் பாத்ததை நான் பாத்தேன். என்னமோ தப்பா இருக்குலா?" என்றாள். "உனக்கு என்ன தோணுது?" என்றேன். "கொழம்பு சுண்டிப் போச்சுன்னா வெந்நி ஊத்துவோமா, இன்னொரு கை உப்பு போடுவோமா? அதைத்தான் இவுககிட்ட கேட்டேன். சமையக்கட்டு வேற, சயன்ஸ் வேறங்காக. அதுக்கு மேல பேசினா, நீயும் எங்கப்பா மாதிரி கலப்படக்காரிதான்னு சொல்லுதாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா." நான், "சொல்ல மாட்டேன்" என்றேன். அதற்கு அவள், "அப்ப மீனை நீங்கதான் கொல்லுதீங்க. அவுக இல்லை" என்றாள். "ரெண்டு பேருமா கொல்லுதோம் தாயி. நான் தெரிஞ்சு கொல்லுதேன். அவன் தெரியாம கொல்லுதான். இந்த வீட்டை யாருக்கு எழுதலாம், நீயே சொல்லு" என்றேன். அவள் யோசித்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

முதலில் செத்தது வக்கீல். மிட்டாதார் பாயசம் வைக்கச் சொன்னார். "எலே பி.ஏ., வக்கீல் மண்டையைப் போட்டுட்டான்லே! இந்த வீடு ராசியான வீடு. அடுத்த வருஷம் என்ன, சாகுத வரைக்கும் எனக்குத்தான்" என்று அவர் சொன்னதை நீயே ஓடி வந்து கடையில் சொன்னாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வீடு கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தாய். ஒரு மீன் செத்ததே, ஏன் செத்தது என்று என்னிடம் கேட்பாயா என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இது சத்தியம். நீ கேட்டது ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எந்தக் கிழமை நல்லது என்பதைத்தான். பிறகு தம்பியும் சாட்சியும் அடுத்தடுத்துப் போயின. மிட்டாதாருக்குச் சிரிப்பு குறைந்தது. அண்ணன் பாறைக்குள்ளிருந்து பக்கவாட்டில் மிதந்து வந்தபோது அவர் சிரிக்கவே இல்லை. அண்ணன் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று ஊருக்குத் தந்தி அடிக்கச் சொன்னாராம். முப்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனுக்கு.

மிச்சம் இருந்தது மஞ்சள் வால் ஒன்றுதான். அன்றைக்குத்தான் கோமதி உன்னைப் பின்கட்டுக்கு இழுத்து, "உங்க அப்பா வந்து பாத்துட்டுத்தான் போனாரு. உப்பு ஏறிப்போச்சு. அவருக்குத் தெரியும்" என்று சொன்னாள். அவள் சொன்னபோது நம்பாதவன், எனக்குத் தெரியும் என்றதும் நம்பினாய். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நம்பியதும் செய்தாயே ஒரு வேலை. கிணற்றடிக்கு ஓடி, குடம் குடமாக மொண்டு வந்து, மேலே நின்ற உப்புத் தண்ணீரை வாரி வெளியே இறைத்துவிட்டு, அத்தனை பச்சைத் தண்ணீரையும் ஒரே மூச்சில் கொட்டினாய். வாரக்கணக்காக ஏறிய உப்பை ஒரு நாழிகையில் இறக்கப் பார்த்தாய். நாலைந்து நாள் ஆற அமர, வேளைக்கு ஒரு கலயமாக மாற்றியிருந்தால் அந்த மீன் இன்றைக்கும் இருந்திருக்கும். உப்பைத் தாங்கிக்கொண்டிருந்த மீன், அந்த மாற்றத்தைத் தாங்கவில்லை. மிட்டாதார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுழன்று, மூக்கால் கண்ணாடியை ஒரு தடவை முட்டி, அவர் முகத்துக்கு நேராக மல்லாந்தது. அந்த மனுஷர் கைத்தடி இல்லாமல் எழுந்து நின்றதை வேலைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். "எலே, காரை எடுலே! இனி இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்!" அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் அவர் எவ்வளவு பயந்தார் என்பதற்கு அடையாளம்.

நீ நேராகக் கடைக்கு வந்தாய். கடையநல்லூர் மளிகைக்காரர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்; தரகர் இருந்தார்; ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். "உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கத்தினாய். "தெரியும்" என்றேன். "ஏன் சொல்லல?" "நீ கேக்கல." "பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கேக்கணுமாப்பா? உங்க வாடகையும்லா போச்சு! நீங்கள்லாம் மனுசனா? கொலைகாரன்!" அதற்கு நான், "வாடகைதாம்லே போச்சு. வீடு போகல. உனக்கு எழுதியிருந்தா வீடும் போயிருக்கும்" என்றேன். மளிகைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நீ அதோடு போய்விட்டாய். அவர் சிரித்ததற்குப் பிறகு அவருக்குக் கடன் சரக்கு நிறுத்திவிட்டேன். உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மட்டும்தான் உரிமை.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். உன்னை நான் கண்டித்து வளர்க்கவில்லை, படிக்க வைத்து வளர்த்தேன். அதில் நான் செய்த பிசகு என்று ஒன்று உண்டென்றால், நீ கேட்காத கேள்விக்கெல்லாம் இத்தனை வருஷம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததுதான். உனக்கு நேர்மை இருக்கிறது. அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் நேர்மைக்கு ஒரே ஒரு சூத்திரம்தான் தெரியும்: தண்ணீர் சேர்த்தால் திருட்டு. எதில் சேர்க்கிறோம், எதற்காகச் சேர்க்கிறோம், அங்கிருந்து என்ன போயிருக்கிறது என்று அது பார்க்காது. அந்த மாட்டுக்காரக் கிழவரின் பாலைக் கொட்டிய கையாலேயே ஐந்து உயிரைக் கொன்றாய், இரண்டு முறையும் உன் மனசாட்சி சுத்தமாக இருந்தது. நான் திருடியபோது எனக்குத் திருடுகிறேன் என்று தெரியும். அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். குடும்பத்திலும் நீ இதைத்தான் செய்யப்போகிறாய் என்பதால் சொல்கிறேன். பெண்டாட்டி முகம் வாடினால், உன்னிடம் நிறைய இருப்பதை எடுத்து ஊற்றாதே. அவளிடமிருந்து குறைந்தது எது என்று பார். உன்னிடம் நிறைய இருப்பது பேச்சு. அவளுக்கு அது போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அவள் சுரண்டைக்குப் போய்விட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், போகவில்லை. நீ ரயிலேறின மறுநாளே தொட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆட்களை வெளியே போகச் சொன்னாள், போனார்கள். "மாமா, அந்த வீட்டை எனக்குக் குத்தகைக்கு விடுங்க. தொட்டியையும் சேத்து" என்றாள். "உன் புருஷன்?" என்றேன். "அவுக வந்தா இருக்கட்டும். வராட்டி நான் இருப்பேன்" என்றாள். தை மாதத்துக்குள் தூத்துக்குடியிலிருந்து புது மீன் வந்து சேர இப்போதே ஆள் பேசிவிட்டாள். அடுத்த சீசன் வாடகைக்கு ஒரு டாக்டர் குடும்பத்தை வேறு பிடித்துவைத்திருக்கிறாள். மீனுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டாளாம். ஒரு மத்தியானம் முழுக்க என்னோடு மல்லுக்கட்டினாள். முப்பது வருஷ வியாபாரத்தில் என்னை அந்த மாதிரி வியர்க்க வைத்தவர்கள் குறைவு. நீ அங்கே இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பாய்.

பேசி முடிந்தது இதுதான். குற்றாலத்து வீடும் தொட்டியும் கோமதி பெயரில் குத்தகை. அவள் கேட்டது பதினைந்து வருஷம், நான் கொடுத்தது பத்து. சீசன் வாடகையில் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. மீன் செத்தால் நஷ்டம் அவளுடையது, கூரை ஒழுகினால் செலவு என்னுடையது. பத்து வருஷமும் ஒழுங்காக நடந்தால் வீடு அவளுக்கு எழுதப்படும், உனக்கு அல்ல. நீ திரும்பி வந்தால் பின்கட்டில் இருக்கலாம், அவளிடம் வேலை பார்க்கலாம். உன் சம்பளத்தை நான் மாதம் பன்னிரண்டு ரூபாய் என்று சொன்னேன். ஒன்பது போதும் என்று குறைத்தவள் அவள்தான்.